முதல் கணக்கை எங்கே தொடங்குவது? கல்லூரி மாணவருக்கான நான்கு வகைக் கணக்குகள், ஒரு மதிப்பீடு

என் அக்கா மகள் 2025 ஜூலையில் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இளங்கலை வேதியியல் சேர்ந்தபோது, அவளுக்கு வங்கிக் கணக்கு தொடங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவன் என்பதால், எங்கள் குடும்பத்தில் வங்கி, வரி, காப்பீடு என்று எது வந்தாலும் "மாமாவைக் கேள்" என்பதுதான் வழக்கம். அவள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவள்; அதனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு உண்டு, அந்தப் பணம் வந்து சேர அவள் பெயரில் ஒரு கணக்கு வேண்டும். கல்லூரி தொடங்கிய இரண்டு வாரங்களில் இரண்டு வங்கிக் கிளைகளுக்கும் ஓர் அஞ்சலகத்துக்கும் போய்க் கட்டண அட்டவணைகளை வாங்கிப் படித்தோம். கல்லூரி வாசலில் மேசை போட்டிருந்த ஒரு தனியார் வங்கியின் பிரதிநிதியிடமும் நின்று பேசினோம். அப்படிப் பார்த்த நான்கு வகைக் கணக்குகளைப் பற்றிய என் மதிப்பீடே இது.

முதலில் வட்டியைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகமில்லை. பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூன் மாதத்திலிருந்து சேமிப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 சதவீதம் தருகிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம். ஒரு மாணவி ஆண்டு முழுவதும் 10,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருந்தால் முன்னதில் 250 ரூபாயும் பின்னதில் 400 ரூபாயும் கிடைக்கும். பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று பணம் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் கணக்கில் அவ்வளவு தொகை நிற்பதே அரிது. ஆகவே மாணவரின் கணக்கை அது தரும் வட்டியை வைத்து எடைபோடுவதைவிட, அது பிடித்துக்கொள்ளும் பணத்தை வைத்து எடைபோடுவதே சரி.

இந்த அளவுகோலில் பொதுத்துறை வங்கிகளின் சாதாரணச் சேமிப்புக் கணக்கு சில ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது வெகுவாக மேம்பட்டிருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதம் என்ற வழக்கத்தைப் பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே கைவிட்டது; கனரா வங்கி 2025 ஜூன் முதல் தேதியிலிருந்தும், பஞ்சாப் நேஷனல் வங்கி ஜூலை முதல் தேதியிலிருந்தும், இந்தியன் வங்கி ஜூலை 7ஆம் தேதியிலிருந்தும் கைவிட்டன. என் மாணவர்கள் பலர், உதவித்தொகை வருவதற்கு முன்பே கணக்கு அபராதத்தில் கரைந்துவிட்டது என்று வந்து நின்ற காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இத்தனைக்கும், அபராதத்தாலேயே இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, முன்கூட்டியே தெரிவித்து ஒரு மாத அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே உத்தரவிட்டு, அது 2015 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்திருந்தது. விதி இருப்பதைக் கணக்கு வைத்திருப்பவர் அறிந்திருந்தால்தானே வாதாட முடியும்?

அபராதம் போனாலும் கார்டுக் கட்டணம் போகவில்லை. பாரத ஸ்டேட் வங்கியின் சாதாரண டெபிட் கார்டுக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 125 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 236 ரூபாய். மேலே சொன்ன 250 ரூபாய் வட்டியில் 236 இப்படிப் போனால் மிஞ்சுவது 14 ரூபாய், அதாவது ஒரு டீ. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது என் வகுப்பு சிரித்தது, அக்கா மகள் சிரிக்கவில்லை, "அப்படியானால் கார்டே வேண்டாமா மாமா?" என்று கேட்டாள். அது நல்ல கேள்வி. ஆதார் ஓடிபியை வைத்தே யுபிஐ தொடங்கலாம் என்பதால் கார்டு இல்லாமலும் ஒருவாறு காலம் தள்ள முடியும். ஆனால் ஊரில் சிக்னல் இல்லாத நாளிலும், போன் பழுதான நாளிலும் கையில் பணம் எடுக்க வேறு வழி வேண்டும். ஆகவே கார்டு வேண்டும், கட்டணம் வேண்டாம் என்றால் பார்க்க வேண்டியது அடுத்த வகை.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்பது அதன் பெயர். மக்கள் அதை ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்கிறார்கள். எல்லா வங்கிகளும் எல்லோருக்கும் இதைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2012இல் வரையறுத்தது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன்தன் திட்டக் கணக்குகளும் இந்த வகைதான். இருப்பு எதுவும் வைக்கத் தேவையில்லை, ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, மாதத்துக்குக் குறைந்தது 4 முறை பணம் எடுப்பது இலவசம். ஜன்தன் கணக்காக இருந்தால் ரூபே கார்டுடன் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்தக் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவுண்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இருந்தால் 30 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும். அடுத்தது அந்த 4 என்ற எண். வாரம் ஒரு முறை 500 ரூபாய் எடுக்கும் மாணவிக்கு அது போதும். ஆனால் யுபிஐ மூலம் கடையில் கொடுக்கும் 10 ரூபாயையும் எடுப்பாகக் கணக்கிட்டால் என்னவாகும் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. பாரத ஸ்டேட் வங்கி இத்தகைய கணக்குகளில் நான்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு பற்றுக்கும், அதாவது கணக்கிலிருந்து பணம் கழியும் ஒவ்வொரு முறைக்கும், டிஜிட்டல் பரிவர்த்தனை உட்பட, 17.70 ரூபாய் வீதம் பிடித்ததை மும்பை ஐஐடியின் ஆய்வு ஒன்று 2021இல் வெளிக்கொண்டு வந்தது. ஆகவே கணக்கு தொடங்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி, யுபிஐ இந்த நான்கில் சேருமா என்பதுதான். சேராது என்று கிளையில் சொன்னார்கள். அதை அச்சிட்ட கட்டண அட்டவணையில் விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே படிவத்தை வாங்கினேன்.

படிவத்தை வாங்குவதுதான் பெரும்பாடு. நாங்கள் முதலில் போன கிளையில், "அது கிராமத்து ஆட்களுக்குத்தான் சார், மாணவிக்குச் சாதாரணக் கணக்கே நல்லது" என்று சொல்லி, கேட்காமலே சாதாரணக் கணக்குப் படிவத்தை நீட்டினார்கள். அடிப்படைக் கணக்குக்கு வருமான வரம்போ, வயது வரம்போ, ஊர் வரம்போ கிடையாது. இரண்டாவது கிளையில் அதே படிவத்தில் கணக்கு வகை என்ற இடத்தில் ஒரு டிக் போட்டதோடு வேலை முடிந்தது. ஆதார், இரண்டு புகைப்படம், கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், பான் கார்டு இல்லாததால் படிவம் 60, இவ்வளவே கேட்டார்கள். அக்கா மகளுக்கு அப்போது 17 வயது. 10 வயது நிரம்பிய எவரும் தாமே கணக்கு தொடங்கி இயக்கலாம், அதற்கான வரம்புகளை அந்தந்த வங்கி வகுத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மீண்டும் தெளிவுபடுத்தியிருப்பதால், அம்மாவின் கையெழுத்து இல்லாமலே கணக்கு தொடங்க முடிந்தது. வந்திருந்த அக்காவுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

அஞ்சலகத்தை நான் ஆவலோடுதான் பார்த்தேன். குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய், 4 சதவீத வட்டி, வீட்டுக்கு வரும் தபால்காரர் தெரிந்தவர் என்று எல்லாம் சேமிப்புக்கு உகந்தவை. ஆண்டு முடிவில் இருப்பு 500க்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். அன்றாடப் பணப் பரிமாற்றத்துக்கு அதனுடன் இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கியின் கணக்கையும் இணைத்துக்கொள்ள வேண்டும். 2018 செப்டம்பரில் தொடங்கிய அந்த வங்கியில் நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வைத்திருக்க முடியாது, அது கடன் தராது. முதலாவது எந்த மாணவருக்கும் தடையாக இருக்கப் போவதில்லை. இரண்டாவது, கல்விக் கடன் தேவைப்படக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு யோசிக்க வேண்டிய விஷயம். பேருந்து வசதி குறைந்த ஊரில் இருப்பவர்களுக்கு அஞ்சலகமே முதல் தேர்வாக இருக்கலாம். தினமும் கும்பகோணம் போய்வரும் பெண்ணுக்கு ஒரு கணக்குக்குப் பதில் இரண்டு கணக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை எதற்கு என்று எனக்குப் பட்டது.

நான்காவது வகை, கல்லூரி வாசலில் வந்து நிற்கும் தனியார் வங்கியின் மாணவர் கணக்கு. அதன் வசீகரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்: பத்து நிமிடத்தில் டேப்லெட்டில் கணக்கு தயார், செயலி அழகாக வேலை செய்கிறது, வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் தமிழில் பேசுகிறார்கள். படிக்கும் காலம் வரை ஜீரோ பேலன்ஸ் என்றும் சொல்கிறார்கள். படிப்பு முடிந்த பிறகு என்ன ஆகும் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது. குறிப்பிட்ட வயதிலோ படிப்பு முடியும் ஆண்டிலோ அது சாதாரணக் கணக்காக மாறும். அப்போது அந்த வங்கியின் குறைந்தபட்ச இருப்பு விதி அப்படியே பொருந்தும். அந்தத் தொகை எவ்வளவு வேகமாக மாறக்கூடும் என்பதற்கு 2025 ஆகஸ்ட் நல்ல உதாரணம்: ஐசிஐசிஐ வங்கி நகர்ப்புறப் புதிய கணக்குகளுக்கு மாதச் சராசரி இருப்பை 50,000 ரூபாயாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000 ரூபாயாகக் குறைத்தது. இருப்பு வரம்பைத் தாங்களே முடிவு செய்ய வங்கிகளுக்கு உரிமை உண்டு என்பதால் இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. வேலை தேடிக்கொண்டிருக்கும் 21 வயதுப் பிள்ளைக்கு 15,000 ரூபாயும் எட்டாத தொகைதான்.

ஆனாலும் நான்காவது வகையை நான் தவிர்த்ததற்கு உண்மையான காரணம் இருப்பு விதியைவிட ஆதார் இணைப்புதான், அதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு உதவித்தொகை பெரும்பாலும் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. எந்த ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்ற பட்டியலைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும், கடைசியாக இணைத்த வங்கியே அதில் நிற்கும். கணக்கு தொடங்க ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணத்தைப் பெற அந்தக் கணக்கை ஆதாருடன் இணைப்பது வேறு. பின்னதைத்தான் இ-சேவை மையத்திலும் கல்லூரி அலுவலகத்திலும் ஆதார் சீடிங் என்கிறார்கள். முன்னதைச் செய்துவிட்டு, "ஆதார்தான் கொடுத்தேனே சார், பணம் ஏன் வரவில்லை?" என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள்.

2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியபோது என் பழைய மாணவன் ஒருவனுக்கு நடந்தது இது. ஊரில் ஒரு வங்கியில் கணக்கு வைத்து, முறையாக ஆதார் இணைத்து, விண்ணப்பமும் கொடுத்திருந்தான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு நாள் வேறொரு வங்கியின் முகாமில் புதுக் கணக்கும் தொடங்கினான். டேப்லெட் திரையில் வரிசையாக வந்த ஒப்புதல் கட்டங்களில் ஒன்று, அரசு மானியங்களை இனி இந்தக் கணக்கில் பெறச் சம்மதிக்கிறேன் என்பது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக். அதன் பிறகு மாதம் 1,000 ரூபாய் அவன் மறந்தே போன அந்தக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர்க் கணக்கின் பாஸ்புக்கில் ஐந்து மாதம் என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டு, அரசு பணம் அனுப்பவில்லை என்றே அவன் நினைத்திருந்தான். பணம் தொலையவில்லை என்பது ஆறுதல். ஆனால் அந்த ஐந்து மாதமும் அவன் பேருந்துக்குக் கடன் வாங்கியிருக்கிறான்.

எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டு இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆதாருடன் பதிந்த கைபேசி எண் அப்பாவின் பழைய எண்ணாக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். கணக்கு தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. அக்கா மகளுக்கு நாங்கள் இதைத்தான் முதலில் செய்தோம். கணக்கு தொடங்கிய அன்றே, ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவத்தைத் தனியாகக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தோம். நான்கு நாட்கள் கழித்து இணையதளத்தில் பார்த்தபோது வங்கியின் பெயர் வந்திருந்தது. பிறகுதான் கல்லூரியில் விண்ணப்பத்தைப் பதிவு செய்தாள்.

கிளையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள் அக்கா. வங்கி திறந்திருக்கும் நேரமும் கல்லூரி நடக்கும் நேரமும் ஒன்றுதான். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. வீட்டருகே இருக்கும் கிளை, அவள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் திறந்திருக்கும். கல்லூரியிலிருந்து மதிய இடைவேளையில் நடந்து போய்வரக்கூடிய கிளையே தினமும் ஊருக்குத் திரும்பும் மாணவிக்குப் பயன்படும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். விடுமுறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ள ஊர்க் கிளையே போதும், மற்றதற்கு ஏடிஎம் இருக்கிறது.

ஏடிஎம் பற்றி இரண்டு வரி. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவருக்குச் சொந்த வங்கி இயந்திரத்தில் மாதம் 5 முறையும், பிற வங்கி இயந்திரத்தில் சென்னை போன்ற பெருநகரங்களில் 3 முறையும் மற்ற ஊர்களில் 5 முறையும் இலவசம். அதற்கு மேல் 2025 மே முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையும் வரியும் பிடிக்கலாம். வெறுமனே இருப்பைப் பார்ப்பதும் ஒரு முறையாகவே எண்ணப்படும். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், 5 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். புகாருக்கு 30 நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே முறையிடலாம்.

கணக்கு தொடங்கும் நாளில் இன்னொரு இடத்திலும் கண்ணை வைத்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவர்களிடம், கையெழுத்துப் போட வேண்டிய தாள்களின் நடுவே, ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம் உள்ள விபத்துக் காப்பீட்டுக்கும் 436 ரூபாய் பிரீமியம் உள்ள ஆயுள் காப்பீட்டுக்கும் சம்மதம் வாங்கிவிடுவதுண்டு. இரண்டும் மத்திய அரசின் திட்டங்கள், இரண்டும் தலா 2 லட்சம் தருபவை, மோசடி எதுவும் இல்லை. 20 ரூபாய்த் திட்டத்தில் எல்லா மாணவரும் சேரலாம் என்பேன். ஆனால் யாரும் இவர் வருமானத்தை நம்பி இராத 18 வயது மாணவருக்கு ஆயுள் காப்பீடு அவசரத் தேவை இல்லை. மே மாதக் கடைசியில் 456 ரூபாய் காணாமல் போனபோதுதான் தாம் கையெழுத்திட்டது எதற்கு என்று பலருக்குத் தெரிகிறது.

ஆக, அக்கா மகளுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கல்லூரிக்கு அருகிலுள்ள பொதுத்துறை வங்கிக் கிளையில் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. அரசு உதவித்தொகையை எதிர்பார்க்கும் மாணவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். பள்ளியில் படிக்கும்போதே உதவித்தொகைக்காக ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கியிருந்தவர்கள் புதிதாக எதையும் தேட வேண்டாம். அத்தகைய கணக்குகளை, இரண்டு ஆண்டு பரிவர்த்தனை இல்லாவிட்டாலும், செயல்படாத கணக்கு என்று ஒதுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட விதி சொல்கிறது. அந்தக் கிளைக்குப் போய் கைபேசி எண்ணைப் புதுப்பித்தாலே போதும். உதவித்தொகை எதுவும் வராத, அப்பாவிடமிருந்து மாதம் பணம் பெறும் மாணவருக்குச் சாதாரணக் கணக்கும் தவறில்லை, 236 ரூபாய் உறுத்தாதவரை.

மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு குறைகளும் தெரிகின்றன. பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் பாதி நாள் வேலை செய்வதில்லை. கார்டு தபாலில் வர 19 நாள் ஆனது. ரகசிய எண்ணை ஏடிஎம்மில் உருவாக்கும் முறையை விளக்க அங்கே யாரும் இல்லை, வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். செயலியின் தமிழ் அகராதித் தமிழாக இருப்பதால் அவள் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டாள், வேதியியல் படிக்கும் பெண்ணுக்கே 'பற்றுச் செய்' என்றால் என்னவென்று தெரியவில்லை. நவம்பரில் அவளுக்கு 18 வயது நிரம்பும்போது புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட்டு, விவரங்களைப் புதுப்பித்து வர வேண்டும். அதற்கு மட்டும் அம்மாவை அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள்.